கட்டாரிலிருந்து வந்த மைக்

கட்டார் மாமா அனுப்பிய பெட்டியில் எனக்கொரு சட்டையும் அம்மாவுக்கொரு கம்பளிப் போர்வையும் இருந்தன. மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கட்டாரிலிருந்து பெட்டி வந்தால் அதில் கம்பளி இருக்கும், அவ்வளவுதான். மீதி இடத்தையெல்லாம் ஒரு மைக் பிடித்திருந்தது. அதோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. எட்டு மொழிகளில் விளக்கம் எழுதியிருந்தார்கள், தமிழில் மட்டும் இல்லை. வீட்டிலிருந்த மாமா அதை ஒரு தரம் புரட்டிவிட்டு, தமிழில் இருந்தாலும் தான் வாசிக்கப் போவதில்லை என்ற முகத்தோடு அலுமாரியின் மேல் போட்டார்.

இந்த மாமா அம்மாவின் தம்பி. கட்டாரில் இருந்தவர் அம்மாவுக்கு அண்ணன். மாமா மண்டூரில் எங்களோடுதான் இருந்தார். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டுவது அவருடைய தொழில். ஆகவே மைக் எங்களுக்குப் புதிய பொருள் இல்லை. விறாந்தைச் சுவரில் எட்டோ ஒன்பதோ எப்போதும் தொங்கும். எல்லாம் உதட்டில் ஒட்டவைத்துக்கொண்டு பேசுகிற மைக்குகள். இது வேறு சாதி. பால்மாத் தகரப் பேணி அளவுக்குத் தடிப்பாக, சுற்றிவரக் கம்பி வலையோடு நிமிர்ந்து நின்றது. ஒரு பக்கத்தில் பொன் நிறத்தில் கம்பனியின் முத்திரை. அதை எங்கே பிடிப்பது, எங்கே வாயை வைப்பது என்று எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

மைக் வந்தது சின்னம்மாவுக்காக. சின்னம்மா அம்மாவின் தங்கை. நகரத்தில் புதிதாக ஒரு வானொலி தொடங்கப் போகிறார்கள், அறிவிப்பாளர்கள் வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சின்னம்மாவின் குரலைப் பற்றி ஊருக்கே தெரியும். திருவிழாக் காலத்தில் மாமாவின் மைக்கில் காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி அறிவிப்பவர் அவர்தான். பிள்ளையைத் தேடி வந்த தாய்கூட நின்று அறிவிப்பை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள் என்று மாமா சொல்வார்.

ஆனால் சின்னம்மாவின் பாஸ்போட் அப்போது ஏஜென்சிக்காரரின் கையில் இருந்தது. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. மருத்துவப் பரிசோதனைகூட முடிந்துவிட்டது. சின்னம்மா ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், விசா வந்துவிடும். முன்பள்ளியில் படிப்பித்து வந்த சம்பளம் பஸ்ஸுக்கே காணாது. வானொலி கிடைத்தால் நிற்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும் என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் நாலாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். சின்னம்மா வானொலிக்குள் போவாரா குவைத்துக்குள் போவாரா என்பது எனக்கு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தோன்றியது. இரண்டும் தூரமான இடங்கள், இரண்டிலிருந்தும் குரல் மட்டும் வரும்.

விண்ணப்பத்தோடு குரலைப் பதிந்து அனுப்ப வேண்டும். மூன்று நிமிடம். ஒரு செய்தி, ஒரு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு மரண அறிவித்தல். இதைக் கட்டார் மாமாவிடம் சொன்னதும் அவர் அங்கே ஒரு கடைக்குப் போய், வானொலி நிலையத்தில் வைக்கிற மைக் எதுவோ அதைத் தா என்று கேட்டு வாங்கியிருக்கிறார். தங்கைக்காக ஒரு மாதம் வெளிச் சாப்பாடு சாப்பிடாமல் இருந்து வாங்கியது. இன்று ஒலிப்பதிவு எனக்கே தொழிலாகிவிட்டது. அன்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால், வாவிக்கரையில் கோழியும் காகமும் கத்துகிற ஒரு வீட்டுக்கு மாமாவின் பழைய திருவிழா மைக்தான் சரி என்று சொல்லியிருப்பேன். வாய்க்கு முன்னால் இருப்பதை மட்டும் கேட்டுவிட்டு மற்றதற்குச் செவிடாக இருப்பதுதான் அதன் குணம். கட்டார் மைக்குக்கு எறும்பு நடந்தாலும் கேட்கும். ஆனால் நாலாம் ஆண்டுப் பிள்ளையிடம் யார் யோசனை கேட்கப் போகிறார்கள்?

முதல் இரண்டு நாளும் மைக் வாயே திறக்கவில்லை. மாமா தட்டினார், ஊதினார், ஹலோ ஒண்டு ரெண்டு மூண்டு என்று கெஞ்சினார். வயரை மாற்றினார். மாற்றிய வயரை மறுபடி மாற்றினார். மூன்றாம் நாள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரின் மூலையில் நாற்பத்தெட்டு என்று எழுதிய, அமத்துகிற ஒரு சின்ன ஆளியைக் கண்டார். பத்து வருடமாக அந்த மிக்சரை வைத்திருந்தும் அதை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. அமத்தினால் ஏதாவது எரிந்துபோகும் என்று பயம். கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். இந்தச் சாதி மைக்குக்கு மிக்சரிலிருந்து மின்சாரம் போக வேண்டும், அது போகிற வாசல் அந்த ஆளிதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மைக் விழித்துக்கொண்டது. வயல் வட்டையில் தண்ணீர் இறைக்கிற மோட்டர் கேட்டது, முற்றத்தில் கோழி கிளறுவது கேட்டது. சின்னம்மா இரண்டு வரி வாசித்தார். அந்தக் குரல் நம் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசியது. அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து கதவில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும், சின்னம்மா எங்கும் போகப் போவதில்லை என்று நானும் நம்பிவிட்டேன்.

மரண அறிவித்தலில்தான் அடுத்த சிக்கல் வந்தது. இல்லாத ஒருவரைச் சாகடித்து எழுதக் கூடாது, எழுதினால் அந்தப் பெயரில் எங்கேயாவது ஒருவர் போய்விடுவார் என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடைசியில் மூன்று வருடத்துக்கு முன் காலமான அம்மப்பாவின் அறிவித்தலையே திரும்ப எழுதினார்கள். செத்தவருக்கு இன்னொரு தரம் ஆபத்து வராது என்பது கணக்கு. மாமாவோ பழக்கதோஷத்தில் மிக்சரைத் திருவிழா ஒலிபெருக்கிப் பெட்டியோடு பொருத்தி வைத்திருந்தார். சின்னம்மா ஒத்திகைக்கு வாசிக்க, அம்மப்பாவின் பூதவுடல் பிற்பகல் மூன்று மணிக்கு நல்லடக்கம் செய்யப்படும் என்று தெரு முழுவதும் கேட்டது. அடுத்த நிமிடம் பெட்டி கூவத் தொடங்கியதால் உறவினர் பெயர்கள் ஒருவருக்கும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் அன்றைக்கு அம்மப்பாவை மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர். அவர் படலைக்கு உள்ளே வரவும் மாட்டாமல் திரும்பிப் போகவும் மாட்டாமல் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அதற்குப் பிறகு பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். ஹெட்போனில் கேட்க வேண்டும் என்றார் மாமா. அவரிடம் இருந்த ஹெட்போனில் ஒரு காது செத்துப்போயிருந்தது. உயிரோடு இருந்த மற்றக் காதும் நினைத்த நேரம்தான் வேலை செய்யும்.

நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையைக் கலையகம் ஆக்கினோம். நான் ஊரெல்லாம் ஓடி முட்டை மட்டைகள் சேர்த்துக்கொண்டு வந்தேன். மாமா அவற்றைச் சுவர் நிறைய ஒட்டினார். வாசலில் பன்பாய் தொங்கியது, யன்னலில் கட்டார் கம்பளி. முட்டை மட்டையால் ஒரு பயனும் இல்லை, அங்கே சத்தத்தை உண்மையில் அடக்கியவை நெல் மூட்டைகள்தான் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் எடுத்தது.

பதிகிற நாளும் வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அதுதான் கடைசி நாள். சின்னம்மா தலைமுழுகி, நல்ல சாரி உடுத்து வந்து உட்கார்ந்தார். வானொலியில் சாரி தெரியாதே என்று நான் கேட்டதற்கு, உடுத்தால் குரல் நிமிரும் என்றார். அப்போதுதான் மாமாவுக்குப் படம் எடுக்கிற ஞாபகம் வந்தது. கட்டாருக்குப் படம் அனுப்ப வேண்டும். அவர் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போய் நெல் மூட்டையில் முட்டிக்கொண்டு நின்றார். படத்தில் மைக்கின் முதுகுதான் விழுந்தது.

"அண்ணன் பாத்துப் பாத்து வாங்கினவர். மைக்கிட பேர் தெரியாட்டி அவருக்குக் கவலையாப் போயிரும். புள்ள, அந்த எழுத்துப் பக்கத்த இஞ்சால திருப்பி விடு" என்றார்.

நான் திருப்பினேன். பொன் முத்திரை போனைப் பார்த்துப் பளிச்சென்று நின்றது. அதன் பின்னால் சின்னம்மா சிரித்தார். படம் கட்டாருக்குப் போய், மனம் நிறைந்துவிட்டது என்று ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது. எல்லோருக்கும் சந்தோசம். மைக் அப்படியே நின்றது.

பதியத் தொடங்கியதும் சின்னம்மாவின் கையில் தாள் சரசரத்தது. அதற்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னம்மாவுக்கு எதிரே, மைக்குக்கு அந்தப் பக்கம் என்னை ஒரு முக்காலியில் இருத்தி, தாளை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மூன்று நிமிடமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சின்னம்மா ஒரு வாரமாகக் கிணற்றடியிலும் அடுப்படியிலும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எங்காவது தடக்கினால் எடுத்துக்கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் நானும் உதட்டுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு போனேன். சத்தம் வராமல்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

போட்டுக் கேட்டபோது மாமாவின் முகம் மாறியது. சின்னம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அதற்கு மேலால் காற்று உஸ் உஸ் என்று அடித்தது. வாவிக் காற்று என்றார் மாமா. யன்னலை இறுக்கிச் சாத்தினோம். அடுத்த தரம் காற்று இன்னும் கூடக் கேட்டது. மின்விசிறியை நிற்பாட்டினோம். கோழியை அடைத்தோம். பக்கத்து வீட்டாரிடம் போய் அரை மணி நேரத்துக்கு இடியப்ப உரலைப் பிழிய வேண்டாம் என்று கெஞ்சினோம், அது சத்தமே போடாத உரல் என்று அவர்கள் சொன்னதைக்கூடக் காதில் வாங்கவில்லை. ஊரை அடக்க அடக்கக் காற்று மட்டும் கூடிக்கொண்டே போனது. அறைக்குள் புழுங்கித் தள்ளியது. வியர்த்து விறுவிறுத்து நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு தாளைப் பிடித்திருந்தேன்.

குரல் காணாது என்று மாமா மிக்சரில் சத்தத்தைக் கூட்டினார். குரலோடு சேர்ந்து காற்றும் புயலாகியது. வயரில் குற்றம் என்றார், பிறகு மிக்சரில் குற்றம் என்றார், பிறகு மின்சாரத்தில். தலை கால் புரியாமல் அலுமாரியின் மேலிருந்த புத்தகத்தைக்கூட எடுத்து அரபுப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரே காரணம்தான் தெரியும். நல்ல சாரியோடு படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பினால் நாவூறு படாமல் என்ன செய்யும்? செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். அந்தக் கமறலில் எல்லோரும் இருமி முடிய இன்னும் ஒரு மணி நேரம் போனது. சின்னம்மா மட்டும் சாரியைச் சரிசெய்துகொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார். பத்துத் தரத்துக்கு மேல் வாசித்திருப்பார். ஒவ்வொரு தரமும் முதல் தரம் போலவே, பிறந்தநாள் பிள்ளைக்குச் சிரித்தும் அம்மப்பாவுக்குத் தணிந்தும் வாசித்தார்.

கடைசியில் வந்ததை, பதிந்த கணினியின் சின்ன ஒலிபெருக்கியிலேயே போட்டுக் கேட்டார்கள். அதில் காற்றும் கேட்கவில்லை, வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்று ஆளுக்காள் சொல்லித் தேற்றிக்கொண்டார்கள். மறுநாள் மாமா அதைப் பென் டிரைவில் போட்டு, தானே கொண்டுபோய் வானொலியில் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் அம்மாவின் போனுக்கு வானொலிப் பொறுப்பாளர் பேசினார். நல்ல தன்மையான மனிதர். வாசிக்கிறவரின் குரல் நன்றாகத் தெளியவில்லை, குறை நினைக்க வேண்டாம், இடங்கள் நிரம்பிவிட்டன என்றார். பிறகு, பக்கத்தில் ஒரு பிள்ளை இரகசியம் சொல்வதுபோல முழுவதையும் பிழையில்லாமல் சொல்கிறதே, அது யார் என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் நிகழ்ச்சிக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டிவர முடியுமா என்றும் கேட்டாராம். அம்மா சொல்லி முடிக்கவில்லை, நான் முற்றம் முழுக்கத் துள்ளினேன். துள்ளி முடித்துப் பார்த்தால் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா போனைக் கையில் வைத்தபடியே இருந்தார். மாமா மிக்சரின் மூடியைக் கழற்றி உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிள்ளையின் குரல் பக்கத்திலும் பெரியவரின் குரல் தூரத்திலும் எப்படி விழும் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். சின்னம்மா என்னைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, அவிழ்ந்த என் பின்னலைத் திரும்பப் பின்னினார். அன்று பின்னேரமே ஏஜென்சிக்காரருக்கு ஓம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனதும் சின்னம்மாதான். அம்மா போகட்டுமே என்று மாமா சொன்னார். சின்னம்மா கேட்கவில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். எங்கள் ஊரிலிருந்து வாவியைக் கடக்கப் பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் தரையில் போகிற பாதை இல்லை, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு இயந்திரத்தில் மிதந்து போகிற பெரிய தட்டு. அக்கரையில் இறங்கிப் பஸ் பிடித்து நகரத்துக்குப் போனோம்.

கலையகத்துக்குள் வீட்டில் இருந்த மைக்கைப் போலவே ஒன்று நின்றது. அங்கே ஒலிப்பதிவு செய்கிற அக்கா என்னைக் கதிரையில் இருத்தி, மைக்கை என் வாயின் உயரத்துக்கு இறக்கினார். பிறகு அதன் கழுத்தைப் பிடித்து, முத்திரை என் முகத்தைப் பார்க்கும்படி திருப்பினார்.

"இந்தப் பேர் இருக்கிற பக்கம்தான் இதுக்குக் காது. இதப் பாத்துத்தான் கதைக்கணும், என்ன?"

வாசலில் நின்ற சின்னம்மா கேட்டார். "மத்தப் பக்கம், தங்கச்சி?"

"அது முதுகு, அக்கா. அங்கால நிண்டு கத்தினாலும் தூரத்திலதான் கேக்கும்."

சின்னம்மா வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் ஒரு கதை வாசித்தேன். இடையிடையே அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பொறுப்பாளர் வந்து என் தலையைத் தடவி, நல்லாய்ப் பழக்கியிருக்கிறீர்கள் என்று சின்னம்மாவைப் பாராட்டினார். சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு மண்டூர்ப் பக்கம் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸால் இறங்கிய இடத்தில் எனக்கு ஒரு சிவப்பு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். நான் அதை ஒரேயடியாகத் தின்றுவிடாமல், பாதைத் துறை வரைக்கும் நக்கிக்கொண்டே வந்தேன். பாதை நடு வாவிக்கு வந்தபோது கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. சின்னம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"மாமாக்கிட்ட சொல்லிராத புள்ள. அவர் தாங்கமாட்டார்."

நான் ஓம் என்றேன். எதைச் சொல்லக் கூடாது என்று கேட்கவே தேவையில்லை. அறிவிப்பாளர்கள் குளிர்ந்ததைத் தொடக் கூடாது, தொண்டை கட்டிப்போகும் என்று புறப்படுகிற நேரம் மாமா எனக்குச் சட்டம் போட்டிருந்தார். மிச்ச ஐஸ்பழத்தை ஒரு வாயில் போட்டு விழுங்கினேன். கரையில் இறங்கியதும் உதட்டுச் சிவப்பு போகும்வரை வாவித் தண்ணீரில் வாயைக் கழுவினேன். வீட்டில் மாமா விசாரித்தபோது வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் மிக்சரைப் பற்றித்தான் கேட்டார். அங்கே என்ன மிக்சர் வைத்திருக்கிறார்கள் என்று சின்னம்மாவிடம் கேட்டார். பெரியது ஒன்று, நம்முடையதுபோல இல்லை என்றார் சின்னம்மா. நான் அப்போதே நினைச்சன் என்று மாமா பெருமூச்சு விட்டார்.

அடுத்த புதன்கிழமை, விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக ஏஜென்சிக்காரரின் வான் வந்தது. சின்னம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னைக் கட்டிப்பிடித்தார். நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்கிற ஆசையில், நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று அவருடைய காதுக்குள் சொன்னேன். அதுவரை அழாமல் நின்றவர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். ஒரு ஐஸ்பழத்துக்குப் போய் இவ்வளவு அழுவதா என்று எனக்கு விளங்கவே இல்லை.